சட்டம் கொடுத்த நாளிலிருந்து அரங்கேற்றம் வரை

(காத்தான்குடியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கலையுலகில் பேரெடுக்க வேண்டும் என்ற ஆசையைப் பற்றியும், அந்த ஆசையோடு வாழ்கிற வாழ்க்கையைப் பற்றியும் கதைக்கச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். தலைப்பைக் கேள்விப்பட்ட ஒரு பெரியவர் நேற்றுப் பள்ளிவாசல் வாசலில் என்னை மறித்து, "சேர், எங்கட ஊருக்கு இந்தக் கதை என்னத்துக்கு?" என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழையில்லை. வியாபாரத்துக்கும் ஓதலுக்கும் பேர்போன ஊர் இது. ஆனால் மண்டபத்தின் பின்வரிசையைப் பாருங்கள். இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப்பேர் கையில் இருக்கும் ஃபோன் ஒரு கமெரா, ஒரு மேடை, ஒரு வானொலி நிலையம். அந்த மேடையில் அவர்கள் ஏற்கெனவே ஏறிவிட்டார்கள். ஏறலாமா என்று நாம் இப்போது கேட்பது காலம் கடந்த கேள்வி. எப்படி ஏறுவது, ஏறினால் எதைக் கொடுக்க வேண்டிவரும் என்பதைத்தான் இனிக் கதைக்க வேண்டும்.

என் காதில் விழுந்த முதல் கலைஞரிலிருந்து தொடங்குகிறேன். நோன்பு காலத்தில் ஸஹர் நேரத்துக்கு எங்கள் ஒழுங்கையில் ஒரு பாவா வருவார். மின்சாரம் எல்லா வீட்டுக்கும் வராத காலம். ஒரு கையில் லாந்தர் விளக்கு, தோளில் ஒரு பை, மறுகையில் றபான் என்ற கைப்பறை. தூரத்தில் வரும்போது றபானின் சத்தம் மட்டும் கேட்கும். கிட்ட வரவரக் குரல் தெளியும். எங்கள் வீட்டு வாசலுக்கு வந்ததும் வாப்பாவின் பெயரைப் பாட்டுக்குள் வைத்துக் கூப்பிடுவார். நித்திரைப் பாயில் கிடக்கிற எனக்கு மயிர்க்கூச்செறியும். நபிமாரின் கதை, வலிமாரின் கதை, மௌத்தின் கதை எல்லாம் அந்தக் குரலில்தான் எனக்குள் முதலில் இறங்கின. பெருநாள் அன்று அதே பாவா பகலில் வருவார். உம்மா அரிசியும் காசும் கொடுப்பா. வெயிலில் பார்த்தால் மெலிந்த, வயதான மனிதர். அந்தக் குரல் இந்த உடம்பிலிருந்தா வந்தது என்று எனக்குத் திகைப்பாக இருக்கும்.

ஒரு பெருநாள் அன்று வாப்பாவிடம், "நானும் பாவாவைப்போலப் பாடப் போகட்டா?" என்று கேட்டேன். வாப்பா புடவை வியாபாரி. நாடு முழுக்கச் சுற்றியவர், அதிகம் பேசாதவர். கோபிக்கவில்லை. "பாட்டுக்குக் காசு குடுப்பம் மகன், பொண்ணு குடுக்க மாட்டம்" என்று மட்டும் சொன்னார்.

அறுபது வருடமாக இந்த ஒரு வசனத்தை நான் சுமந்துகொண்டிருக்கிறேன். கலைஞனை நம் சமூகம் எங்கே வைத்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான விளக்கத்தை எந்தப் புத்தகத்திலும் நான் வாசித்ததில்லை. இது முஸ்லிம்களின் வழக்கம் மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். 'கூத்தாடி' என்ற சொல் தமிழில் எவ்வளவு காலமாக வசைச்சொல்லாக இருக்கிறது என்று பாருங்கள்.

ஆனால் இந்த மட்டக்களப்பு வாவிக்கரை மரபில் இன்னொன்றும் இருந்தது. அதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன்.

மட்டக்களப்புக் கூத்து வடமோடி, தென்மோடி என்று இரண்டு வகை என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு கூத்து களரிக்கு, அதாவது ஆடுகளத்துக்கு, வருவதற்கு முன் என்னென்ன நடக்கும் என்பது இளம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். முதலில் கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் ஆள் பார்ப்பார். குரல் எப்படி, உடல்வாகு எப்படி, கால் தாளத்துக்கு வருமா என்று பார்த்து, யாருக்கு எந்தப் பாத்திரம் என்று தீர்மானித்து ஏட்டுப்படி பாடலைக் கொடுப்பார். இதைச் 'சட்டம் கொடுத்தல்' என்பார்கள். அதன்பிறகு இரவிரவாக ஆட்டம் பழகுவது. வயலிலும் தோணியிலும் பகல் முழுக்க வேலை செய்தவர்கள், இராச்சோறு தின்றுவிட்டு வந்து கால் வீங்க வீங்க ஆடுவார்கள். ஆட்டம் ஓரளவு படிந்த பிறகுதான் சதங்கை அணிதல். அதுவரை காலில் சதங்கை கட்ட விடமாட்டார்கள். பிறகு வாரத்துக்கொரு தரம் கிழமைக் கூத்து. பிறகு அடுக்குப் பார்த்தல், அதாவது முதலிலிருந்து கடைசிவரை முழுக் கூத்தையும் ஒருதரம் ஆடிப் பார்ப்பது. இத்தனைக்கும் பிறகே அரங்கேற்றம். மாதக்கணக்கில் பழகி, ஒரே இரவில், பொழுது விடியும்வரை ஆடுவார்கள். அடுத்தநாள் வீட்டுக்கு வீடு போய் ஆடி, அதற்கடுத்த நாள் மறுபடி வயலுக்குப் போய்விடுவார்கள்.

பொல், அதாவது கோல், பிடித்து ஆடும் எங்கள் பக்கத்துப் பொல்லடியும் அப்படித்தான். கலியாண வீட்டில் பொல்லடி பார்த்திருப்பீர்கள். ஒரு பொல் பிசகினால் பக்கத்தில் நிற்பவனின் விரல் போய்விடும். அதனால் அண்ணாவியார் காலடியைச் சரிசெய்யாமல் யாரையும் வட்டத்துக்குள் விடமாட்டார். சின்ன வயதில் நானும் வட்டத்துக்கு வெளியே பல மாதம் நின்றேன். இரண்டு பொல்லையும் தட்டித் தாளம் போடுவது மட்டும்தான் எனக்குத் தந்த வேலை. அந்த மாதங்கள் வீண் என்று அப்போது அழுதேன். தாளம் என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த மாதங்களில் தெரிந்ததுதான்.

ஆக, பாட்டுக்குப் பொண்ணு கொடுக்காத அதே சமூகம், பாட்டைப் படிப்பிப்பதில் இவ்வளவு கண்டிப்பாக இருந்தது. அரங்கேற்றம் கடைசியில்தான் வரும். இன்றைக்கு அது தலைகீழாகிவிட்டது. பிள்ளை காலையில் எழும்பி டிக்டொக்கில் அரங்கேறுகிறான். சட்டம் கொடுக்க ஆளில்லை. கால் படியவில்லை. முதல் நாளே ஆயிரம் பேர் பார்க்கிறார்கள். அடுத்த நாள் நூறு பேர் பார்க்கிறார்கள். மூன்றாம் நாள் பிள்ளை சோறு தின்னாமல் இருக்கிறான். இந்த ஊரிலேயே அப்படி ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். நல்ல திறமைசாலி. அவனுக்குக் கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லை. பழகுவதற்கான காலத்தை மட்டும் அவனுக்கு யாரும் கொடுக்கவில்லை.

இனி, பழகுவதற்குக் காலம் கொடுத்த ஒருவர்: இயக்குநரும் ஒளிப்பதிவாளருமான பாலு மகேந்திரா.

கல்லடிப் பாலத்தைத் தாண்டி நகரத்துக்குள் போய், மாமாங்கேஸ்வரர் கோயில் பக்கம் திரும்பினால் அமிர்தகழி. அங்கே 1939 மே 20 ஆம் திகதி பிறந்தவர். மெதடிஸ்த மத்திய கல்லூரியிலும் புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தவர். இங்கிருந்து ஆறேழு கட்டை தூரம்தான். நாம் பார்க்கிற அதே வாவியைப் பார்த்து வளர்ந்த மனிதர். காத்தான்குடியில் எத்தனை பேர் அவரை நம்மவர் என்று நினைக்கிறோம்? சென்னைக்காரர் என்றே பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவருக்கு ஆசை எப்படிப் பிறந்தது என்பதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் கண்டிப் பக்கம் சுற்றுலா கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே ஒரு வெள்ளைக்காரர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவர்தான் டேவிட் லீன். படம் 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் க்வாய்'. அதன் பெரும்பகுதி நம் நாட்டில், கித்துல்கலையிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் எடுக்கப்பட்டது. அந்த இயக்குநர் மழை என்று கத்தியதும் மழை கொட்டியதாம். தீயணைப்புக் குழாயிலிருந்து வந்த மழைதான். ஆனால் பொடியனுக்கு அது பெரிய அதிசயம். ஒரு மனிதன் சொன்னால் மழை பெய்கிறது! அன்றே தானும் அந்த ஆளாக வேண்டும் என்று நினைத்தாராம்.

இந்தக் கதையில் ஒன்றைக் கவனியுங்கள். அவர் பார்த்தது நடிகரையல்ல. அந்தப் படத்தில் அலெக் கின்னஸ் போன்ற பெரிய நடிகர்கள் இருந்தார்கள். பொடியனின் கண் போனது மழையைக் கொண்டுவந்த கையின் மேல். முகம் தெரிய வேண்டும் என்ற ஆசை ஒன்று. கை பழக வேண்டும் என்ற ஆசை வேறொன்று. வெளியில் இரண்டும் ஒரே கலையாசை போலத்தான் தெரியும். முதலாவது ஆசையில் பிறர் கண்ணைக் கடன் வாங்கித்தான் வாழ வேண்டும். இரண்டாவதில் உன் கண்ணே போதும்.

அந்த ஆசை நிறைவேற எவ்வளவு காலம் எடுத்தது என்று கணக்குப் பாருங்கள். கொழும்புக்குப் போனார். படவரைஞராக வேலை பார்த்தார். வானொலி நாடகங்களில் நடித்தார். 'தேனருவி' என்ற இலக்கியச் சஞ்சிகையை நடத்தினார். பிறகு கடல் கடந்து பூனாவிலுள்ள திரைப்படக் கல்லூரிக்குப் போய், 1969 இல் ஒளிப்பதிவில் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார். அப்போது அவருக்கு 30 வயது. ராமு காரியாட் கூப்பிட்டு 'நெல்லு' மலையாளப் படத்துக்குக் கமெராவைக் கொடுத்தார். அது 1974 இல் வெளிவந்தது. அவரே இயக்கிய முதற்படம் 'கோகிலா', கன்னடத்தில், 1977 இல் வந்தபோது வயது 38. தமிழில் முதற்படம் 'அழியாத கோலங்கள்' 1979 இல். சட்டம் கொடுத்தது அந்தப் படப்பிடிப்புத் தளத்தில். அரங்கேற்றம் இருபது வருடத்துக்குப் பிறகு, தன் தாய்மொழி அல்லாத ஒரு மொழியில். அந்தக் 'கோகிலா' ஒளிப்பதிவுக்கு இந்தியாவின் தேசிய விருது கிடைத்தது. பிறகு 'மூன்றாம் பிறை'க்கும் அதே விருது.

அவருடைய வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள். அந்தக் காலத்துத் தமிழ்ப்படத்தில் இரவும் பகலும் ஒரே வெளிச்சம்தான். ஸ்டூடியோவில் விளக்குகளை நாலாபக்கமும் வைத்து, முகத்தில் நிழலே விழாமல் பார்த்துக்கொள்வார்கள். கதாநாயகிக்கு மாவு பூசிய வெள்ளை முகம். பாலு மகேந்திரா அந்த விளக்குகளைக் கூடியமட்டும் ஒதுக்கினார். ஜன்னலால் வரும் வெளிச்சம் எந்தப் பக்கத்தில் விழுகிறதோ, அந்தப் பக்கத்தில் முகத்தை வைத்தார். கறுத்த நிறப் பெண்களை ஒப்பனை பூசாமல் காட்டினார். மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' பாருங்கள், அதன் ஒளிப்பதிவாளர் இவர்தான். மூடுபனியிலும் அந்தி நேரத்திலும் மனிதர் எப்படித் தெரிவார்களோ அப்படியே தெரிவார்கள். கே. விஸ்வநாத்தின் 'சங்கராபரணம்', மணிரத்னத்தின் முதற்படமான 'பல்லவி அனுபல்லவி' இரண்டுக்கும் கமெரா இவருடையதுதான்.

அந்த வெளிச்சம் எங்கிருந்து வந்தது? பூனாவில் படித்தது என்று சொல்லலாம். நான் அதோடு ஒன்றைச் சேர்ப்பேன். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறு என்று கிடக்கும் நிலம் நம்முடையது. புத்தகம் வாவி என்று சொல்லும். நமக்கு அது ஆறுதான். காலையில் கடலிலிருந்து வெளிச்சம் வரும். பின்னேரம் ஆற்றுத் தண்ணீரில் பட்டு எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். தண்ணீரில் பட்டு வருகிற வெளிச்சம் கண்ணைக் கூசாது, முகத்தை மெதுவாகத் தொடும். சிறு வயதில் பல வருடம் அந்த வெளிச்சத்தில் நடமாடிய பிள்ளையின் கண்ணில் அது ஊறியிருக்கும். இது என் துணிபு. ஆதாரம் கேட்டால் ஆற்றங்கரைக்குத்தான் கூட்டிக்கொண்டு போவேன்.

'அழியாத கோலங்கள்' கதை மூன்று பொடியன்களைப் பற்றியது. ஊருக்கு வரும் ஓர் ஆசிரியையிடம் அவர்கள் மயங்குகிறார்கள். ஆறு, வயல், தோப்பு என்று அலைகிறார்கள். மூவரில் ஒருவன் தண்ணீரோடு போய்விடுகிறான். அது தன் சின்ன வயதிலிருந்து வந்த கதை என்று பாலு மகேந்திரா சொன்னதுண்டு. முதல்முறை பார்த்தபோது நான் தொண்டை அடைத்துப்போய் இருந்தேன். ஆற்றில் போன பொடியன் ஒருவனை நம்மில் யாருக்குத்தான் தெரியாது? அது எங்கள் வாவிக்கரைப் பிள்ளைப்பருவம். ஆனால் திரையில் இருந்த ஊர் மட்டக்களப்பில்லை, இந்தியக் கிராமம். 'வீடு' படமும் அப்படித்தான். சிறுபிள்ளையாக இருந்தபோது தன் தாய் வீடு கட்டியதையும், அந்த வீட்டு வேலை முடிவதற்குள் சிரித்த முகமாயிருந்த தாய் மாறிப்போனதையும் பார்த்ததுதான் அந்தப் படத்துக்கு விதை என்று சொல்லியிருக்கிறார். தாயின் வீடு எழும்பியது இங்கே. படத்தில் அது சென்னையில் எழும்பியது. 1988 இல் வந்த அந்தப் படம் தேசிய விருது பெற்றது. நடித்த அர்ச்சனாவுக்கும் சிறந்த நடிகை விருது கிடைத்தது.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை, வலியாகச் சொல்கிறேன். இந்த ஊரில் இருந்திருந்தால் அவரால் அந்தப் படங்களை எடுத்திருக்கவே முடியாது. இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் நிலை அப்படி. 1962 இல் 'சமுதாயம்', அடுத்த ஆண்டு 'தோட்டக்காரி' என்று தொடங்கியது, 1993 இல் 'ஷர்மிளாவின் இதய ராகம்' வரும்வரை முப்பது படத்தைக்கூட எட்டவில்லை. எடுத்தவர்கள் சாதாரண ஆட்களில்லை. 'குத்துவிளக்கு' தந்த வி. எஸ். துரைராஜா கட்டடக் கலைஞர். 'பொன்மணி'யை எடுத்த தர்மசேன பத்திராஜா சிங்களச் சினிமாவின் மிகப்பெரிய இயக்குநர்களில் ஒருவர். ஆனாலும் சந்தை சின்னது. தென்னிந்தியப் படம் பக்கத்துக் கொட்டகையில் ஓடும்போது நம் படத்துக்கு ஆள் வராது. 1983 ஜூலையில் ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்டூடியோவை எரித்தார்கள், படச்சுருள்களும் எரிந்தன. இயக்குநர் கே. வெங்கட்டைக் கொன்றார்கள். அதோடு இருந்த கொஞ்சமும் போயிற்று.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் பின்வரிசைப் பிள்ளைகளுக்கு நான் துரோகம் செய்தவனாவேன். 'அழியாத கோலங்க'ளில் ஆசிரியையாக நடித்த ஷோபா, சிறு பிள்ளையாகவே கமெரா முன்னால் நிறுத்தப்பட்டவர். 'பசி' படத்துக்காகத் தேசிய விருது பெற்றவர். ஏற்கெனவே குடும்பஸ்தரான பாலு மகேந்திராவோடு அவருடைய வாழ்வு பிணைந்திருந்தது. 1980 மே 1 ஆம் திகதி அந்தப் பிள்ளை தன் உயிரை மாய்த்துக்கொண்டது. வயது 17. 'பிள்ளை' என்றுதான் சொல்வேன், என் பேத்தியின் வயது. பாலு மகேந்திராவின் கலையை நேசிக்கிற நான், இந்த இடத்தைத் தாண்டி விரைவாகப் போக மாட்டேன். கலைஞன் பெரியவன் என்பதற்காக அவனைச் சுற்றி நடந்ததெல்லாம் சரியாகிவிடாது. ஒரு பெண்பிள்ளை இந்தத் தொழிலுக்கு வரும்போது அவளைச் சுற்றி உண்மையைச் சொல்கிற பெரியவர்கள் இருக்க வேண்டும். அவள் களைத்தால் திரும்பி வர ஒரு வீட்டுக் கதவு திறந்திருக்க வேண்டும். 'போனாய்தானே, அங்கேயே கிட' என்று கதவைச் சாத்துகிற குடும்பங்களைப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

விலை கொடுத்த இன்னொருவர் ருக்மணி தேவி. பெரியவர்களுக்கு அவரை ஞாபகம் இருக்கும். டெய்சி ராசம்மா டானியல்ஸ் என்பது இயற்பெயர், தமிழ்ப் பெண். 1947 இல் வந்த முதற் சிங்களப் பேசும்படமான 'கடவுனு பொரொந்துவ'வின் கதாநாயகி. அதைத் தயாரித்த எஸ். எம். நாயகமும் தமிழர், படப்பிடிப்பு நடந்தது தமிழ்நாட்டில். இந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம் பாடகர் மொஹிதீன் பேக்கோடு அவர் சேர்ந்து பாடிய சிங்களப் பாட்டுகள் இன்றும் வானொலியில் கேட்கின்றன. அதே மொஹிதீன் பேக் பாடிய பக்திப் பாட்டு வெசாக் காலத்தில் பந்தலுக்குப் பந்தல் ஒலிக்கும். ஒரு நாட்டின் இதயத்துக்குள் குரலால் போனவர்கள் இருவரும். அந்த ருக்மணி தேவி 55 வயதிலும் ஊர் ஊராக இசை நிகழ்ச்சிக்குப் போய்க்கொண்டிருந்தார். 1978 ஒக்டோபர் 28 ஆம் திகதி, மாத்தறையில் பாடிவிட்டு விடியற்காலையில் திரும்பும்போது ஜா-எலப் பக்கம் வாகன விபத்தில் இறந்தார். நாடே அழுதது. நாடே அழும் ஒரு பெண் அந்த வயதில் ஏன் இரவிரவாகப் பயணம் போக வேண்டியிருந்தது? எனக்கு வாப்பாவின் வசனம்தான் திரும்பக் கேட்கிறது. காசு கொடுப்போம். அதையும் பாட்டு முடிந்த அன்றைக்கு மட்டும் கொடுப்போம்.

என் சொந்தக் கதை ஒன்று. இருபத்திரண்டு வயதில் வானொலி நாடகத்தில் நடிக்க வேண்டும் என்று கொழும்புக்குப் போய்க் குரல் தேர்வுக்கு இருந்தேன். ஒரு பக்கம் வாசித்ததும் நிறுத்தச் சொன்னார்கள். "உங்கட பேச்சில ஊர் வாடை அடிக்குது" என்றார் ஒருவர். இரவு ரயிலில் திரும்பி வந்தேன். அதன்பிறகு பல வருடம் வகுப்பறையில்கூட நான் என் ஊர்ப்பேச்சை மறைத்துத்தான் பேசினேன். அதே காலத்தில் வானொலியில் எதற்கு மக்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள் தெரியுமா? 'கோமாளிகளின் கும்மாளம்' என்ற நாடகத்துக்கு. ராம்தாஸ் முஸ்லிம் பேச்சுப் பேசினார். மரிக்கார் என்ற பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது. ராஜகோபால் யாழ்ப்பாணப் பேச்சில் அப்புக்குட்டி ஆனார். செல்வசேகரன் சிங்களவர் பேசும் தமிழில் உபாலி ஆனார். 1976 இல் அது 'கோமாளிகள்' என்று படமாகி நன்றாக ஓடவும் செய்தது. ஊர் வாடைதான் அந்த நாடகத்தின் உயிர். என்னை அனுப்பியவரிடம் எனக்கு இப்போது கோபமில்லை. அன்று என்னிடம் இருந்தது ஆசை மட்டும். என் பேச்சுக்கு என்ன பெறுமதி என்று எனக்கே தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தால் வாதாடியிருப்பேன்.

நம் கதையை யார் சொல்வது என்பதை நினைக்கும்போது 1990 ஐத் தாண்டிப் போக முடியாது. அதற்கு முன் பக்கத்துத் தமிழ் ஊர்க் களரிக்கு நாங்கள் போவோம். அவர்கள் நம் கலியாண வீட்டுக்கு வருவார்கள். கூத்து முடிந்து விடியற்காலையில் ஒன்றாக நடந்து வருவோம். அந்த ஆண்டு ஆகஸ்ட் 3 ஆம் திகதி இரவு இந்த ஊரின் மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யாப் பள்ளிவாசலிலும் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சிறு பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். அதன்பிறகு நாலு கட்டை தூரத்தில் மத்தளம் கேட்டாலும் யாரும் எழும்பிப் போகவில்லை. பார்வையாளன் இல்லாமல் கலை இல்லை. இரண்டு ஊரும் ஒன்றுக்கொன்று பார்வையாளராய் இருந்ததை அந்தக் காலம் பறித்துவிட்டது. இன்று பக்கத்து ஊரான ஆரையம்பதியிலிருந்து நண்பர்கள் வந்து இந்த மண்டபத்தில் இருப்பது எனக்குச் சின்ன விசயமில்லை.

அந்த இரவையும், அதற்கு முந்திய களரி இரவுகளையும், எதிர்ப்பக்கத்தில் விழுந்த பிணங்களையும் சேர்த்துச் சொல்கிற ஒரு கண் இந்த மண்ணிலிருந்து வர வேண்டும். அதற்குத் தொழில் தெரிந்திருக்க வேண்டும். கோபமும் கண்ணீரும் எல்லோரிடமும் இருக்கின்றன. கமெராவை எங்கே வைப்பது என்று தெரிந்தவர் சிலர்தான்.

உம்மாமாருக்கும் வாப்பாமாருக்கும் ஒன்று. சினிமா கூடுமா கூடாதா என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அது உலமாக்களின் பொறுப்பு. ஆனால் பிள்ளை படத்தொகுப்புப் படிக்க, ஒலிப்பதிவு படிக்க, ஆவணப்படம் எடுக்கப் படிக்க ஆசைப்பட்டால் அதைக் கூத்தாடித்தனம் என்று அடக்காதீர்கள். அது தச்சுத்தொழில் மாதிரி, நெசவு மாதிரி ஒரு கைத்தொழில். கல்லடியில் விபுலானந்தர் பெயரால் அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. அந்த விபுலானந்த அடிகள் துறவி. அவரே ஷேக்ஸ்பியரின் நாடகங்களை ஆராய்ந்து 'மதங்க சூளாமணி' எழுதினார். சீலாமுனையிலிருந்து போன மௌனகுரு, பேராசிரியர் வித்தியானந்தன் மேடையேற்றிய 'இராவணேச'னில் இராவணனாக ஆடினார். பிறகு பேராசிரியராகி, கூத்தைப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தார். பொண்ணு கொடுக்க முடியாத தொழில் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

பிள்ளைகளுக்கும் ஒன்று. சென்னையில் வாய்ப்பு வாங்கித் தருகிறேன் என்று முதலில் காசு கேட்பவனை நம்பாதீர்கள். எனக்கு நெருங்கிய ஒரு குடும்பத்துப் பிள்ளை அப்படிக் காசைக் கொடுத்துவிட்டு, ஒரு விடுதி அறையில் இரண்டு மாதம் காத்திருந்துவிட்டு வந்தான். உம்மாவின் மாலை போனது. அதைவிட, அவனுக்கு மனிதர்மேல் இருந்த நம்பிக்கை போனது. உண்மையில் தொழில் கற்றுக்கொடுப்பவர் உன்னிடம் உழைப்பைத்தான் முதலில் கேட்பார்.

பாலு மகேந்திரா கடைசிக் காலத்தில் செய்ததும் அதுதான். சென்னையில் 'சினிமா பட்டறை' என்று ஒன்றைத் தொடங்கிப் படிப்பித்தார். பாலா, வெற்றிமாறன், ராம், சீனு ராமசாமி, கவிஞர் நா. முத்துக்குமார் எல்லாம் அவரிடம் உதவியாளராய் இருந்து போனவர்கள். சிறுகதை வாசிக்காமல் அவரிடம் சினிமா படிக்க முடியாது. 'தலைமுறைகள்' அவருடைய கடைசிப் படம், 2013 இல் வந்தது. 74 வயது மனிதர், பெரிய கமெராவை விட்டுவிட்டு, கையில் பிடிக்கிற டிஜிட்டல் கமெராவால் அதை எடுத்தார். தாத்தாவாகத் தானே நடித்தார். தமிழ் தெரியாத பேரனுக்கும் தாத்தாவுக்கும் இடையிலான கதை. அடுத்த ஆண்டு பெப்ரவரி 13 ஆம் திகதி காலமானார். உங்கள் ஃபோனைவிடக் கொஞ்சம்தான் பெரிய கருவி அது. கருவி சின்னதா பெரிதா என்று அவர் பார்க்கவில்லை. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றுதான் பார்த்தார்.

கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் இங்கேயே கேட்கலாம். பின்வரிசையில் இருக்கிற பிள்ளைகளுக்கு மட்டும் ஓர் அழைப்பு. நாளை அஸர் தொழுதுவிட்டு நான் ஆற்றங்கரைக்குப் போவேன். வர விரும்புகிறவர்கள் வாருங்கள். ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். மஃரிப் பாங்கு சொல்லும்வரை நாம் ஒரு படமும் எடுக்க மாட்டோம். தோணியில் வலையை உதறுகிற ஒருவரின் முகத்தில் வெளிச்சம் எப்படி மாறுகிறது, எத்தனை நிமிடம் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்போம்.